நோர்வூட் பக்கம் கயாக் கவிழ்ந்தது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை வருஷப்பிறப்புக்கு ஐந்து நாள் இருந்தது. கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் இறங்கும் இடத்தில், இலங்கை மலையகத்து நோர்வூட்டுக்குச் சற்றுக் கீழே, என் பெரியம்மா மகன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு, கவிழ்ந்தது. ஆள் பிழைத்துவிட்டான், வருஷத்துக்கு முதல் நாளே திரும்ப ஓட்டோ ஓட்டப் போய்விட்டான், அதனால்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

ஊரில் இதைப் பற்றி மூன்று கதை ஓடுகிறது. டேமைத் திறந்துவிட்டார்கள் என்று ஒன்று. அந்த வளைவில் முனி இருக்கிறது, மத்தியான நேரத்தில் போகக்கூடாது என்று ஒன்று. பொடியன்கள் குடித்திருந்தார்கள் என்று மூன்றாவது. முதல் கதை நடக்கவே வழியில்லை, ஏனென்றால் காசல்ரீ அணை எங்களுக்குக் கீழே இருக்கிறது, அதைத் திறந்தால் எங்கள் பக்கம் தண்ணீர் குறையுமே தவிர ஏறாது. கடைசிக் கதைக்கு என் பதில், பிளாஸ்கில் இருந்தது தேத்தண்ணி. முனிக்குப் பிறகு தேங்காய் உடைத்தாயிற்று, அது வேறு கணக்கு.

என் கணக்கில் அன்று வந்தது சித்திரையில் வழக்கமாக வருகிற தண்ணீர்தான். அதில் மிதந்துகொண்டிருந்திருக்க வேண்டிய கயாக்கைக் கவிழ்த்தது, நங்கூரக் கயிற்றை நாங்கள் கட்டியிருந்த இடம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், என் பிழைகளையும் சேர்த்து.

இடமும் காலமும்

வெளியூர்க்காரர்களுக்கு ஏப்ரல் என்றால் நுவரெலியா சீசன், பூ, குதிரை ஓட்டம். எங்களுக்கு அது நீர்த்தேக்கம் வற்றிக் கிடக்கிற மாதம். காசல்ரீ 1965இல் கட்டியது, விமலசுரேந்திர மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில்தான் பிடிக்கும், ஆகவே அதற்கு முந்திய வாரங்களில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிடும். அப்போது மூழ்கிக் கிடந்த பள்ளத்தாக்கு வெளியே வரும். வெடித்த சேறு, கறுத்துப்போன மரக்குற்றிகள், அவற்றின் நடுவே பழைய தடத்திலேயே ஓடுகிற ஓயா, அதாவது ஆறு. ஜூலையில் பார்த்தால் அது குளம், ஏப்ரலில் அதே இடம் ஆறு. இந்த ஒரு விஷயத்தைத்தான் நாங்கள் சரியாக மனதில் வாங்கவில்லை. "குளத்துக்குப் போறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, குளத்துக்கு வேண்டிய சாமான்களோடு ஆற்றுக்குப் போயிருக்கிறோம்.

மீனுக்கு அந்த இடம் அருமை. ஓயா கொண்டுவரும் புழு பூச்சிக்காகத் திலாப்பியா அந்த வாயில் கூடும், கெண்டையும் வரும். திலாப்பியா இந்த நாட்டுக்குச் சொந்த மீன் இல்லை, 1952இல் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், அடுப்புகளில் கருவாட்டுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். கரையிலிருந்து தூண்டில் போட்டால் சேற்றைத் தாண்டி எட்டாது, அதனால் கயாக். கித்துல்கல பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓடித் தேய்ந்த இரண்டு பிளாஸ்டிக் கயாக்குகளை மூன்று வருஷத்துக்கு முன் வாங்கினேன். மேலே உட்காரும் வகை, 10 அடி. எனக்கு அதில் பழக்கம் உண்டு. தம்பிக்கு அது ஐந்தாவது தடவை.

அன்றைக்கு நடந்தது

காலை 9.30க்கு இறங்கினோம். வானம் கழுவி விட்டது போல இருந்தது, தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டம் நடை வேகம்கூட இல்லை. 11 மணிக்குள் கையளவு திலாப்பியா ஆறு ஏழு விழுந்துவிட்டது. மண்புழுதான் தீனி, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

12 மணி தாண்டியதும் பொகவந்தலாவ பக்கத்து மலைகளுக்கு மேலே மேகம் கறுத்தது. எங்களுக்கு மேலே வெயில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இது தினசரிக் கூத்து. காலையில் வெயில் மலையைச் சூடாக்கும், மத்தியானத்துக்குள் மேகம் கோபுரம் கட்டும், பின்னேரம் இடி. வானொலியில் "பிற்பகல் 2 மணியின் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று தினமும் சொல்லிச் சொல்லி, அந்த வசனம் எங்கள் காதுக்கு விளம்பரப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. மழை 2 மணிக்குக் கைக்கடிகாரம் பார்த்து வரும் என்று நினைத்தோமோ என்னவோ, "ஒன்றரைக்குக் கிளம்புவோம்" என்று பேசிக்கொண்டோம்.

1.10 போல முதல் இடிச் சத்தம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே 25 வரை எண்ணினேன். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 செக்கன், ஆக 8 கிலோமீட்டர் தூரம். "தூரத்துலதான் இருக்கு" என்றேன். இதை நான்தான் சொன்னேன், தம்பி இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைந்தால் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை திரும்ப இறங்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கையில் காபன் தூண்டில் தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நீர்ப்பரப்பில் எல்லாவற்றையும்விட உயரமான பொருளாக உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்கு நேரே வலது கரையில், ஒரு தட்டைக் கல்லின் மேல் யாரோ விட்டுப் போன நீல ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது, ஒற்றைச் செருப்பு. காலையில் அதற்குக் கீழே ஒரு சாண் கல் காய்ந்து தெரிந்தது. 1.30க்குத் தற்செயலாகப் பார்த்தபோது தண்ணீர் செருப்பின் வாரை நக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் செருப்பும் இல்லை, கல்லும் இல்லை. அதற்குள் நீரின் நிறம் நடுவில் ஒரு கோடு போட்டது போல மாறியிருந்தது, பால் விட்ட தேத்தண்ணி நிறம், ஓரத்தில் நுரை, நுரையோடு காய்ந்த சவுக்கு இலையும் கவாத்துக் குச்சியும். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

"தம்பி, நங்கூரத்த தூக்கு, போவோம்" என்றேன். என்னுடையது வந்தது. அவனுடையது வரவில்லை.

இரண்டு பேரிடமும் இருந்தது குடை மாதிரி விரியும் நாலு கொக்கி நங்கூரம், ஒன்றரைக் கிலோ. சேற்றுக்கும் கல்லுக்கும் நல்லதுதான். ஆனால் கெசல்கமுவ ஓயாவின் அடியில் இப்போது சேறும் கல்லும் மட்டும் இல்லை. மாணிக்கக்கல் தோண்டுகிறோம் என்று திருட்டுத்தனமாக ஆற்றைக் குடைந்து வைத்திருக்கிறார்கள், குழிகளும் அவற்றில் சாய்ந்து கிடக்கிற தடிகளும் நிறைய. அவன் நங்கூரம் அப்படி ஏதோ ஒன்றில் மாட்டியிருக்க வேண்டும். அவன் எழுந்து பாதி நின்று, கயாக்கின் நடுப்பக்கம் குனிந்து, கயிற்றைப் பலமாக இழுத்தான். ஒரு நொடி கயாக் பக்கவாட்டில் நின்றது. தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு அமுங்கியது, பழுப்புத் தண்ணீர் அதன் மேல் ஏறியது, அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி.

அவன் வெளியே வந்தபோது லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறி நின்றது. போட்டிருந்தான், ஆனால் வெக்கையாக இருக்கிறது என்று கீழ்க் கொக்கிகளைக் கழற்றி விட்டிருந்தான். ஒரு கால் கயிற்றுச் சுருளில். கவிழ்ந்த கயாக் கயிற்றின் முனையில் ஆடுகிறது, அதற்கு மேல்புறம் இவன், தண்ணீர் இவனைக் கயாக்கோடு சேர்த்து அழுத்துகிறது.

நான் செய்த அடுத்த பிழை, நேராக மேலிருந்து அவனை நோக்கித் துடுப்புப் போட்டது. நல்லவேளை, ஓட்டம் என்னை ஒதுக்கிக்கொண்டு போனது. சரியாகப் போயிருந்தால் என் கயாக்கும் அவன் மேல் போய் மோதி, இரண்டுக்கும் நடுவே அவன் நசுங்கியிருப்பான். கீழே சுற்றி வந்து, அவன் கயாக்கின் நிழல் மாதிரி அமைதியாக இருந்த நீரில் நுழைந்து பிடித்துக்கொண்டேன். கத்தி எங்கே? மீன் பெட்டிக்குள், மூடிக்குக் கீழே, பெட்டி என் முதுகுக்குப் பின்னால்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மாமா ஓடி வந்தார். மாட்டைக் கட்டும் நைலோன் கயிற்றை இரண்டு மூன்றாக முடிச்சுப் போட்டு நீளமாக்கி, எங்களுக்குக் கொஞ்சம் கீழே நின்று வீசினார். முதல் வீச்சு போய்விட்டது. இரண்டாவது தம்பியின் தோளில் விழுந்தது. "ஒடம்புல கட்டாத தம்பி! கையில புடி! கையில மட்டும் புடி!" என்று கத்தினார். கயிற்றின் மறுமுனையை ஒரு மரக்குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் எனக்குக் கத்தி கிடைத்தது. நங்கூரக் கயிற்றை அறுத்தேன். அறுத்ததும் தம்பி அந்த மாட்டுக் கயிற்றின் முனையில் ஊஞ்சல் மாதிரி வளைந்து போய்க் கரையில் ஒட்டினான். கவிழ்ந்ததிலிருந்து இதுவரை எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான் பத்து நிமிஷம் என்பேன், மாமா இரண்டு நிமிஷம் என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

நனைந்த சட்டையைக் கழற்றிச் சாக்கைப் போர்த்தி, பக்கத்து லயத்தில் சீனி கூட்டிய பிளேன்டீ கொடுத்தார்கள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் நனைந்த உடம்புக்கு ஏப்ரல் வெயில் போதாது, பல் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்திருந்தான், இருமல் நிற்கவில்லை. ஆம்புலன்சுக்கு, 1990க்கு, போன் போடச் சொன்னார்கள், ஆனால் ஓட்டோ பக்கத்திலேயே நின்றது, நானே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்துவிட்டு அன்றிரவு வைத்திருந்தார்கள். நீரைக் குடித்தவன் எழுந்து நடக்கிறான் என்று அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போவது நம் பக்கத்துப் பழக்கம், செய்யாதீர்கள், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

ஏன் கவிழ்ந்தது

கயிறு கட்டியிருந்தது கயாக்கின் நடுப்பக்கக் கைப்பிடியில். தூக்கிச் செல்வதற்காக வைத்த கைப்பிடி அது. உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறது, போடவும் எடுக்கவும் சுகம், அதனால் அங்கே கட்டினோம். நின்ற நீரில் எங்கே கட்டினாலும் ஒன்றுதான். ஓடும் நீரில் நடுவில் கட்டினால் கயாக் ஆற்றுக்குக் குறுக்கே திரும்பி நிற்கும், 10 அடி நீளமும் தண்ணீரைத் தடுக்கிற சுவர் ஆகிவிடும். கயிறு தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்கிறது, தண்ணீர் அடிப்பக்கத்தைத் தள்ளுகிறது, இரண்டும் சேர்ந்து புரட்டுகின்றன. முனையில், அதாவது முன் மூக்கிலோ பின் வாலிலோ கட்டியிருந்தால், கயாக் ஓட்டத்துக்கு நேராகத் திரும்பி நின்றிருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போயிருக்கும். என் கயாக்கிலும் நடுவில்தான் கட்டியிருந்தது. எனக்குக் கொக்கி கழன்றது, அவனுக்குக் கழலவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

காலையில் அதே கட்டு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. காலையில் செக்கனுக்கு அரை மீட்டர் ஓடியிருக்கும், கவிழ்ந்த நேரம் ஒன்றரை மீட்டர் இருந்திருக்கும் என்று கண்மதிப்பாகச் சொல்கிறேன். கண்ணுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தெரிகிற ஓட்டம், கயிற்றில் ஒன்பது மடங்காக இருக்கிறது. அதோடு அவன் எழுந்து பாரத்தையும் அந்தப் பக்கமே சாய்த்தான். கயிறு இறுகி நிற்கும்போது அந்தப் பக்கம் குனியவே கூடாது.

இரண்டாவது, முடிச்சு. நனைந்து இறுகிய நைலோன் முடிச்சைப் பதறிய விரல் அவிழ்க்காது. ஒரு இழுப்பில் விடும் முடிச்சோ, கயிற்றின் முனையில் மிதவை வைத்த கொக்கியோ இருந்திருந்தால், இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம், அடுத்த நாள் வந்து மிதவையைத் தேடி நங்கூரத்தை எடுத்திருக்கலாம். ஒன்றரைக் கிலோ இரும்பை விட்டுவிட மனமில்லாமல்தான் அவன் அத்தனை நேரம் இழுத்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அது அவன் காசில் வாங்கியது.

மூன்றாவது, மழை எங்கே பெய்தது என்பது. எங்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தோம். ஆறு வருவது பொகவந்தலாவ மலைகளிலிருந்து. அந்தச் சரிவுகளில் தேயிலை, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிகிற கான், கான் எல்லாம் ஓடைக்கு, ஓடை எல்லாம் ஓயாவுக்கு. காட்டு மண் மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, வந்த தண்ணீரைக் கையோடு அனுப்பிவிடும். செக்கனுக்கு 2 மீட்டர் வேகத்தில் தண்ணீர் 10 கிலோமீட்டர் வர ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் அங்கே 12.20 போல மழை பிடித்திருக்க வேண்டும்.

பிடித்தும் இருக்கிறது. பொகவந்தலாவயில் எங்கள் அத்தை இருக்கிறார். 12.25க்கு அவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறார், "இங்க ஊத்துது, காயப்போட்ட துணியெல்லாம் போச்சு, ஆலங்கட்டி வேற வுழுது, அங்க எப்புடி?" என்று. பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம், அத்தையின் குரலே பாதிதான் கேட்கிறது. அதற்குக் கீழே சித்தி ஒரு சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார், யாரோ வருஷத்துக்குப் பலகாரம் எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார். என் போன் நனையாத பைக்குள், சத்தத்தை நிறுத்தி வைத்த நிலையில். அதை நான் ஆஸ்பத்திரி வாசலில் இரவு ஏழு மணிக்குத்தான் கேட்டேன்.

மேல் கொத்மலை மாதிரி வான்கதவு வைத்த அணைக்குக் கீழே இருந்தால் கதவு திறக்கிறார்கள் என்று அறிவித்தல் வரும். கித்துல்கலையில் ஆற்று மட்டம் மேலே உள்ள மின் நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்கும், அங்கே தொழில் செய்கிறவர்களுக்கு அதன் நேரம் பழக்கம். எங்கள் துண்டு ஆற்றுக்கு மேலே அப்படிப் பெரிய அணை எதுவும் இல்லை, ஆகவே சொல்லவும் ஆள் இல்லை. அத்தைதான்.

இப்போது என்ன செய்கிறோம்

கயிறு வால்முனைக்குப் போய்விட்டது. கயாக்கின் ஓரமாக ஒரு சுற்றுக் கயிறு ஓடவிட்டு, அதில் ஒரு வளையம் வைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரக் கயிற்றை வால்வரை அனுப்பலாம், திரும்ப இழுக்கலாம். சாமான் செலவு ஒரு ஓட்டோ டயரின் விலைகூட இல்லை. கத்தி ஜாக்கெட்டின் நெஞ்சில், பிடி கீழ்நோக்கி. ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நங்கூரமே போடுவதில்லை என்பது என் பக்கத்துச் சட்டம், கரையோரக் குற்றியில் மூக்கை ஒட்டிவிட்டு அங்கிருந்தே பிடிக்கலாம், மீன் கொஞ்சம் குறையும். தம்பி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் சண்டை நடக்கிறது.

மார்ச், ஏப்ரலில் 12 மணிக்குக் கரை ஏறிவிடுகிறோம், ஒன்றரை இரண்டு என்ற பேச்சே இல்லை. இடி கேட்டால் லயத்துக்குள்ளோ மூடிய வேனுக்குள்ளோ போய் இருக்க வேண்டும். திறந்த ஓட்டோ மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, மரத்தடி அதைவிட மோசம். அப்புறம், ஆற்றில் இறங்கியதும் கரையில் ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன், கால் மணிக்கு ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்க்கிறேன். அத்தைக்குக் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம். அவர் இந்த வேலையை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொண்டார், மேகம் கட்டினாலே அழைப்பு வருகிறது, சில நாள் துரத்தியடித்த மேகத்துக்கும் வருகிறது.

மாமாவின் கயிறு அன்று எங்களோடு ஓட்டோவில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் புதிதாக ஒன்று வாங்கி, வருஷப் பலகாரத்தோடு கொண்டுபோனோம். பலகாரத்தை வாங்கிக்கொண்டார். புதுக் கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக் கழுத்த அறுக்கும் தம்பி, என் பழசு எங்க?" என்றார். பழசு தம்பியின் வீட்டுக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, புதியதை 15 மீட்டருக்கு வெட்டி என் கயாக்கில் வைத்திருக்கிறேன், வீசுவதற்கு.